கிதார் வாசிக்கத் தெரியாத மனிதர்

(மூன்றாமாண்டு, மின்னணுவியல் – தொடர்பியல் துறை)

சென்ற ஆண்டு விழாவுக்கு வந்திருந்தவர்கள் அந்த ஐந்து நிமிடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மெக்கானிக்கல் இறுதியாண்டு அண்ணன் ஒருவர் கிதாரும் கையுமாக மேடையேறினார். ஆறு மாதமாக ஹாஸ்டல் மொட்டைமாடியில் பழகிய பாட்டு. முதல் கம்பியைத் தட்டியதும் அரங்கத்துப் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து வந்தது கிதார் சத்தமே இல்லை. தேன்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி ஒரு இரைச்சல்! பின்வரிசையில் சிரித்தார்கள். அண்ணன் பாதியிலேயே நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். தன் விரல்தான் அன்றைக்குச் சரியில்லை என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் விரல் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. பெட்டியை இணைத்தவன் நான்.

அந்தப் பெட்டிக்கு மாடலர் என்று பெயர். எலெக்ட்ரிக் கிதாரில் கம்பி அதிர்ந்தால் பிக்-அப் சுருளில் கிடைப்பது சில நூறு மில்லிவோல்ட்தான். அதைப் பெரிதாக்க ஆம்ப்ளிஃபயர் வேண்டும். கிதார் ஆம்ப்ளிஃபயரோ நம் லேபில் இருப்பது மாதிரி யோக்கியமானது அல்ல. உள்ளே போன அலையை வளைத்து, நசுக்கி, மேலே கொஞ்சம் வெட்டித்தான் வெளியே விடும். அந்தக் குறைகளைத்தான் கிதாரின் குரல் என்று உலகம் கொண்டாடுகிறது. ப்ரீ ஆம்ப், பவர் ஆம்ப், கேபினட்டில் இருக்கும் ஸ்பீக்கர் என்று மூன்று கட்டத்திலும் நடக்கிற இந்தச் சேட்டைகளைக் கணக்குப் போட்டு டிஜிட்டலாகச் செய்து காட்டுவதே மாடலரின் வேலை. காலால் மிதிக்கிற ஒரு தட்டுக்குள் நூறு ஆம்ப் குடியிருக்கும். ஆனால் அது வெளியே தருவது ஒன்றிரண்டு வோல்ட் சிக்னல் மட்டும். ஸ்பீக்கரை உலுக்க அதற்குத் தெம்பு கிடையாது. பின்னால் ஒரு பவர் ஆம்ப் நின்று கைகொடுத்தாக வேண்டும்.

பயிற்சியின்போது இரவல் வாங்கிய ஒரு கிதார் ஆம்ப்பின் பின்பக்கத் துளையில் மாடலரைச் செருகியிருந்தோம். நிஜமான கிதார் ஸ்பீக்கர் எதிரே இருந்ததால் மாடலருக்குள் இருக்கும் போலிக் கேபினட்டை அணைத்து வைத்திருந்தேன். விழாவன்று இரவல் ஆம்ப் வரவில்லை. அப்படியே அரங்கத்து ஒலிபெருக்கியில் கோர்த்துவிட்டேன். அணைத்ததைத் திரும்பப் போட மறந்தேன். 12 அங்குல கிதார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று சரிந்துவிடும். அரங்கத்து ஹாரன்களோ அதற்கு வெகு மேலேயும் பாடும். ஸ்பீக்கர் வடிகட்டியிருக்க வேண்டிய கசடு அத்தனையும் ஜனங்கள் காதில் விழுந்தது. அவ்வளவுதான் விஷயம். ஒரே ஒரு பட்டன்!

இந்த வருடம் மாணவர் பேரவை ஒரு பவர் ஆம்ப் வாங்கப் பணம் ஒதுக்கி, எதை வாங்குவது என்று முடிவு செய்கிற பொறுப்பை என் தலையிலேயே கட்டிவிட்டது. முன்னாள் மாணவர்கள் அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு கேபினட் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. இனி இரவலுக்கு அலைய வேண்டியதில்லை. பிரச்சினை என்னவென்றால் இசைக்குழுவுக்குள் இரண்டு கட்சி. வால்வு பவர் ஆம்ப் இல்லாவிட்டால் உயிரே இருக்காது என்பது ஒரு கட்சி. உள்ளங்கை அகலத்தில் வருகிற க்ளாஸ் டி ஆம்ப் போதும், வால்வைச் சுமப்பது வீண் வேலை என்பது இன்னொரு கட்சி. எனக்கோ கிதாரில் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கத் தெரியாது. நான் என்னத்தைத் தீர்ப்புச் சொல்வது?

மாடலரின் ஆம்ப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். வணிகச் சின்னத் தகராறு வருமே என்று பல கம்பெனிகள் அசல் பெயரைப் போடாமல் ஜாடையாக வேறு பெயர் வைத்திருப்பார்கள். ஜாடையை அவிழ்த்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுகிறவற்றில் பாதி, ஒரே மனிதருடைய பட்டறையில் பிறந்தவை. லியோ ஃபெண்டர். அவருக்கும் கிதார் வாசிக்கத் தெரியாது என்று படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுருதி சேர்க்கக்கூடத் தெரியாதாம்! அப்புறம் அவர் கதையை முழுக்கப் படிக்காமல் விட மனசு வரவில்லை.

க்ளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் 1909 ஆகஸ்ட் 10-ம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், அனஹைம், ஃபுல்லர்டன் ஊர்களை ஒட்டிய ஆரஞ்சுத் தோப்பில் பிறந்தார். தோப்பு பெற்றோருடையது. எட்டு வயதில் இடது கண்ணில் கட்டி வந்தது. கண்ணையே எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். நெருங்கிய உறவினர் ஒருவர் ஸான்டா மரியா என்ற ஊரில் கார் மின்சார வேலைகளுக்குக் கடை வைத்திருந்தார். அங்கே அவரே செய்த ஒரு ரேடியோ, குழாய் வைத்த ஸ்பீக்கருடன் அலறிக்கொண்டிருந்ததைப் பையன் பார்த்தான். அந்தச் சத்தம் அவனை ஆயுசுக்கும் விடவில்லை.

சரி, இனி இந்தப் பையன் எலெக்ட்ரானிக்ஸ் படித்துப் பெரிய இன்ஜினியர் ஆகியிருப்பான் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. 1928-ல் பள்ளி முடித்துவிட்டு ஃபுல்லர்டன் ஜூனியர் கல்லூரியில் அவர் படித்தது கணக்குப்பதிவியல்! எலெக்ட்ரானிக்ஸில் ஒரு சான்றிதழ்கூடக் கிடையாது. ஐஸ் கம்பெனியில் டெலிவரி பார்த்தார், பிறகு கணக்கு எழுதினார். கலிஃபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் கணக்கர். 1934-ல் எஸ்தரைத் திருமணம் செய்துகொண்டார். பொருளாதார மந்தம் வந்து வேலை போயிற்று. ஒரு டயர் கம்பெனி வேலையும் போயிற்று. இடையில் ஒரு நடனக் குழுத் தலைவர் கேட்டார் என்று ஆறு ஒலிபெருக்கி செட் செய்து கொடுத்திருந்தார். கணக்கு நோட்டை மூடிவிட்டு, 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டனில் ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ் என்று கடை போட்டார்.

அந்தக் கடைதான் அவருடைய பாலிடெக்னிக் என்பேன். ரேடியோ வரும், கிராமஃபோன் வரும், அந்த ஊர் இசைக்குழுக்களின் ஆம்ப் வரும். எல்லாம் ரிப்பேருக்கு. புதுசாக ஒன்றைப் படைப்பவனுக்குத் தெரியாத ஒரு விஷயம் ரிப்பேர்காரனுக்குத் தெரியும்: எது முதலில் உடையும் என்பது. ஒப்பந்தத்துக்கு ஓடும் குழுவின் ஆம்ப் இரவு பத்து மணிக்குப் படுத்துவிட்டால் அந்தக் குழுவுக்குக் கூலி இல்லை என்பதும் தெரியும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கண்ணாடிக் கண் காரணமாக அவர் ராணுவத்துக்குப் போகவில்லை. டாக் காஃப்மன் என்ற இசைக் கலைஞருடன் சேர்ந்து, மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கிதாரும் அதற்கொரு சின்ன ஆம்ப்பும் செய்து ஜோடியாக விற்றார்கள். போர் முடிந்தது. லியோ கடன் வாங்கியாவது பெரிசாகச் செய்வோம் என்றார். காஃப்மன் பயந்து 1946-ல் விலகிக்கொண்டார். அந்த வருடமே ஃபெண்டர் எலெக்ட்ரிக் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி பிறந்தது.

கிதார்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மலர் முழுக்க எனக்கே வேண்டியிருக்கும். 1950-51-ல் டெலிகாஸ்டர், 1951-ல் பிரிசிஷன் பேஸ், 1954-ல் ஸ்ட்ராடோகாஸ்டர். இன்றுவரை உலகம் அவற்றைத்தான் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லி நகர்கிறேன். நமக்கு வேண்டியது ஆம்ப்.

லியோவின் சர்க்யூட்களில் மந்திரம் ஒன்றும் இல்லை. வால்வுக் கம்பெனிகள் வெளியிட்ட கையேட்டில் இருக்கிற அதே வகைதான். அவர் கைவண்ணம் வேறு இடத்தில் இருந்தது. ரெசிஸ்டர், கண்டென்ஸர் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் வரிசையாக, சால்டரிங் அயர்ன் நுழைகிற இடைவெளி விட்டுப் பதித்தார். எந்தச் சாக்கெட்டில் எந்த வால்வு என்று அச்சடித்த ஒரு தாளைப் பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டினார். முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத மெக்கானிக் திறந்து பார்த்தாலும் பத்து நிமிடத்தில் விளங்க வேண்டும். அறுபது, எழுபது வருடம் ஆன அந்தப் பெட்டிகள் இன்னமும் மேடையில் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

வாசிக்கத் தெரியாதவர் நன்றாயிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடித்தார்? வாசிக்கத் தெரிந்தவனிடம் கொடுத்துவிடுவார். கலிஃபோர்னியா நடனக் கூடங்களில் வாசித்த குழுக்களுக்குப் புது ஆம்ப்பைத் தூக்கிக் கொடுத்து, கூட்டத்தோடு நின்று கேட்பார். சத்தம் பிடிக்காவிட்டால் நிகழ்ச்சி நடக்கும்போதே மேடைப் பக்கம் போய்க் குடைய ஆரம்பித்துவிடுவாராம். 1953-ல் ஃப்ரெடி டவாரெஸ் என்ற ஹவாய்க்கார ஸ்டீல் கிதார் கலைஞரைப் பட்டறைக்குள்ளேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார். கலைஞன் குறை சொன்னால் லியோ கலைஞனின் கையைச் சந்தேகிக்கவில்லை. பெட்டியைத் திறந்தார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு மொட்டைமாடி அண்ணன் முகம் ஞாபகம் வந்தது.

அதற்கு நல்ல உதாரணம் டிக் டேல். கலிஃபோர்னியாக் கடற்கரைப் பையன்களின் ஸர்ஃப் இசைக்கு ராஜா. பால்போவா ஊரிலிருந்த ரான்டெவூ அரங்கத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். கயிறு மாதிரி தடித்த கம்பிகளை வைத்து அடி அடி என்று அடிப்பார். ஆம்ப்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைந்தன, ஸ்பீக்கர்கள் கிழிந்தன. மெதுவாக வாசியப்பா என்று வேறு யாராயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். லியோவும் டவாரெஸும் அரங்கத்துக்கே போய்க் கூட்டத்தின் நடுவில் நின்று பார்த்தார்கள். இத்தனை உடம்புகள் சத்தத்தை உறிஞ்சுகின்றன, பட்டறையில் போதுமென்று தோன்றிய வாட் இங்கே போதாது என்பது விளங்கியது. பெரிய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், 15 அங்குல ஜே.பி.எல். ஸ்பீக்கர் என்று வைத்து 1960-61 வாக்கில் ஷோமேன் வந்தது. 85 வாட் அளவுக்குப் போனது.

கவனியுங்கள்: லியோ ஆயுள் முழுக்கத் துரத்தியது சுத்தமான சத்தத்தை. உடையாத, பிசிறாத சத்தம். 1963-ல் வந்த ட்வின் ரிவர்ப் அதற்குச் சிகரம். நான்கு 6எல்6 வால்வு, 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, 85 வாட், எடை சுமார் 29 கிலோ. ஆனால் ஜனங்களுக்கு வேண்டியிருந்தது பிசிறு! பேஸ் கிதாருக்கென்று செய்த பாஸ்மேன் ஆம்ப்பில் சாதாரணக் கிதாரைச் செருகி, திருகை முழுக்கத் திருப்பி, அது திணறுகிற சத்தத்தை ரசித்தார்கள். லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-ல் அதே பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்து ஒன்று செய்ய வைத்தார். செய்தவர்கள் கடை மெக்கானிக் கென் ப்ரானும், ஈ.எம்.ஐ. கம்பெனியில் அப்ரெண்டிஸாக இருந்த டட்லி க்ரேவன் என்ற பையனும். ஆமாம், அப்ரெண்டிஸ். நம் ஜாதி!

இங்கேதான் என் விஷயம் ஆரம்பிக்கிறது. சர்க்யூட் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் இங்கிலாந்தில் கிடைத்தது. 10 அங்குல ஸ்பீக்கர் நான்குக்குப் பதில் 12 அங்குல செலஸ்டியன் நான்கு. பின்பக்கம் திறந்த பெட்டிக்குப் பதில் மூடிய பெட்டி. சத்தம் வேறு குடும்பத்துக்கே போய்விட்டது. அப்படியானால் பவர் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் சும்மா பெரிதாக்குகிற கூலியாட்கள் இல்லை, குரலில் அவர்களுக்கும் பங்கு உண்டு. வால்வுக் கட்சி சொல்வது பொய்யில்லை.

ஏன் என்று பார்ப்போம். ஸ்பீக்கரில் 8 ஓம் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அது ஏதோ ஒரு நடு இடத்துக் கணக்கு. கிதார் ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு சுமார் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். அங்கே இம்பீடன்ஸ் பல மடங்கு எகிறும். மேல் ஸ்தாயியில் வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் மறுபடி ஏறும். டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்பில் நெகடிவ் ஃபீட்பேக் அதிகம், அவுட்புட் இம்பீடன்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யம். ஸ்பீக்கர் எப்படி ஏறி இறங்கினாலும் அது தருகிற வோல்டேஜ் அசையாது. கிதாருக்கான வால்வு ஆம்ப்பில் ஃபீட்பேக் கொஞ்சம்தான். 1950-களின் சின்ன டீலக்ஸில் அதுவும் கிடையாது. ஆகவே ஸ்பீக்கரின் ஓம் ஏறுகிற இடங்களில் வால்வு ஆம்ப்பின் வோல்டேஜும் கூடவே ஏறும். கீழே கும்மென்று ஒரு கனம், மேலே ஒரு பளபளப்பு. கிதாரின் கீழ்க்கம்பி 82 ஹெர்ட்ஸ். அது அந்த மேட்டின் அடிவாரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வால்வில் உயிர் இருக்கிறது என்கிறார்களே, அந்த உயிரில் பெரும்பங்கு இந்த ஏற்ற இறக்கம்தான்.

லியோ கதைக்குத் திரும்புகிறேன். 1950-களின் நடுவிலிருந்து அவரை ஒரு சைனஸ் தொற்று பிடித்து ஆட்டியது. நாள் நெருங்கிவிட்டது என்றே முடிவு செய்துகொண்டார். வீட்டையும் விவகாரத்தையும் ஒழுங்கு செய்ய வேண்டுமே! 1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். விற்றுக் கொஞ்ச காலத்தில் வேறொரு டாக்டர் பார்த்து, மருந்து கொடுத்து, வியாதி போயே போய்விட்டது. விதி என்பதா, வேடிக்கை என்பதா?

புது முதலாளிகள் 1966-ல் டிரான்சிஸ்டர் ஆம்ப் வரிசை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வால்வின் காலம் முடிந்தது என்று விளம்பரம் செய்யாத குறை. சூடேறிப் பழுதாகி, சில வருடங்களில் அந்த வரிசை மூடப்பட்டது. லியோ காலத்திலிருந்து தொழிற்சாலையை நடத்தி வந்த ஃபாரஸ்ட் ஒயிட் அந்த ஆம்ப்களைத் தயாரிக்க மனம் ஒப்பாமல் 1966-லேயே வெளியேறினார். டிரான்சிஸ்டர் என்றாலே கிதார்காரர்கள் முகம் சுளிப்பது அன்றைக்கு ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். நம் குழுவின் வால்வுக் கட்சி அந்தப் பழைய கோபத்துக்கு வாரிசு. ஆனால் 1966-ன் டிரான்சிஸ்டரை வைத்து இன்றைய க்ளாஸ் டி-யை எடைபோடுவது, அப்பன் செய்த கடனுக்குப் பேரனைப் பிடிப்பது மாதிரி.

போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற ஒப்பந்தக் காலம் முடிந்ததும் லியோ சும்மா இருக்கவில்லை. மியூசிக் மேன் கம்பெனி. 1974-ல் அதன் முதல் தயாரிப்பு ஒரு ஆம்ப். டாம் வாக்கருடன் சேர்ந்து வடிவமைத்தது. என்ன அமைப்பு தெரியுமா? முன்னால் டிரான்சிஸ்டர் ப்ரீ ஆம்ப், பின்னால் வால்வு பவர் ஆம்ப்! படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாடலரை முன்னால் வைத்து வால்வு பவர் ஆம்ப்பைப் பின்னால் வைக்கலாமா என்று நாங்கள் கேண்டீனில் அடித்துக்கொண்ட சண்டைக்கு, அவர் அப்போதே ஒரு பதில் செய்து வைத்திருக்கிறார். அதுவும் வால்வுக் கட்சிக்குச் சாதகமாக.

அத்தோடு முடித்துக்கொண்டு வால்வுக்கு ஓட்டுப் போட்டிருப்பேன். ஆனால் 2019-ல் ஃபெண்டர் பெயரைத் தாங்கிய கம்பெனியே (அது சி.பி.எஸ். கையிலிருந்து 1985-லேயே வேறு கைக்கு மாறிவிட்டது) டோன் மாஸ்டர் என்று ஒன்றை வெளியிட்டது. ட்வின் ரிவர்ப் மாதிரியே முகம். உள்ளே ஒரு வால்வு இல்லை. டிஜிட்டல் மாடலும் க்ளாஸ் டி பவர் ஆம்ப்பும். எடை 15 கிலோ. இதில் என் கண் நின்ற இடம் வேறு. அசல் ட்வின் 85 வாட், போலி செய்ய அவர்கள் வைத்தது 200 வாட். அசல் டீலக்ஸ் ரிவர்ப் 22 வாட், போலிக்கு வைத்தது 100 வாட்.

ஏன் இத்தனை? வால்வு ஆம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது மெதுவாக வளைந்து கொடுக்கும். அந்த வளைவு காதுக்கு இனிக்கும். எழுதியிருக்கிற வாட்டுக்கு மேலேயும் கொஞ்சம் தள்ளும். மாடலரோ அந்த வளைவை ஏற்கெனவே கணக்கில் போட்டு அனுப்பிவிட்டது. பின்னால் வருகிற ஆம்ப் தன் பங்குக்கு இன்னொரு தரம் நசுக்கக் கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப் எல்லையில் முட்டினால் கத்தியால் வெட்டின மாதிரி வெட்டும். அதனால் அது எல்லைப் பக்கமே போகாத அளவுக்கு வாட்டைக் கையிருப்பில் வைத்துவிட்டார்கள். 85-க்கும் 200-க்கும் நடுவே வித்தியாசம் 4 டெசிபல்கூட இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். சத்தம் காதுக்கு இரு மடங்காகத் தெரிய சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். வாட் கணக்கைப் பார்த்துப் பிரமிப்பவர்கள் லாகரிதம் பாடத்தை ஒரு தரம் புரட்டவும்.

இரண்டு வகை பவர் ஆம்ப்பையும் ஒரு மெல்லிசைக் குழுவினரிடம் இரவல் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கேபினட்டில் மாற்றி மாற்றிக் கோர்த்துப் பார்த்தேன். முன்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, குழுவில் மூன்று பேரை உட்கார வைத்தேன். வால்வு ஆம்ப்பில் மாடலரின் பவர் ஆம்ப் போலியை அணைக்காமல் விட்டபோது ஒரே கும்... கும்... அதே மேட்டை இரண்டு தரம் ஏறினால் அப்படித்தான் இருக்கும். அணைத்ததும் அற்புதம். க்ளாஸ் டி-யில் அந்தப் போலியைப் போட்டபோது, அதற்குள்ளேயே ஸ்பீக்கரின் ஏற்ற இறக்கக் கணக்கு இருப்பதால், இரண்டு பேருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாவது ஆள் முதலாண்டுப் பையன். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னான்! கீழ்க்கம்பியில் தெரிகிறதாம். மாடலரில் அந்த ஒத்ததிர்வு எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்றான். ஒன்றேதான் என்று மட்டும் கடைசிவரை அவன் சொல்லவில்லை.

அவன் காதை மதிக்கிறேன். ஆனாலும் க்ளாஸ் டி-யைத்தான் வாங்கினோம். பணம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் அதுவல்ல. வால்வு பவர் ஆம்ப்பில் ஸ்பீக்கர் ஒயரைச் செருகாமல் யாராவது வாசித்துவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். உள்ளே 400 வோல்டுக்கு மேல் இருக்கும், சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்ஸரில் மிச்சம் நிற்கும். நம் இசைக்குழுவில் வருடா வருடம் ஆள் மாறும். அவசரத்தில் ஒயரைப் பிடுங்குகிற கை எது என்று யார் கண்டது? சென்ற வருடம் அது என் கை. க்ளாஸ் டி ஸ்பீக்கர் இல்லாமல் கிடந்தாலும் சாகாது. ஒரு விஷயத்தில் மட்டும் லியோ என்னோடு சண்டைக்கு வந்திருப்பார். இது பழுதானால் நம் லேபில் திறந்து சரி செய்ய முடியாது. கடுகு சைஸ் பாகங்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

லியோ 1979-ல் மியூசிக் மேனை விட்டு விலகி, பழைய கூட்டாளி ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் ஜி அண்ட் எல் என்று இன்னொரு கம்பெனி ஆரம்பித்தார். அப்போது அவருக்கு 70 வயது. எஸ்தர் அந்த வருடம்தான் புற்றுநோயில் இறந்திருந்தார். 1980-ல் ஃபிலிஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். பார்க்கின்ஸன் நோய் வந்தது. கை நடுங்கியது. பட்டறைக்கு வருவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21-ம் தேதி ஃபுல்லர்டனில் காலமானார். அதற்கு முதல் நாள்கூட வேலைக்கு வந்திருந்தார்.

அண்ணன் இப்போது வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். போன மாதம் போன் செய்து, அன்றைக்கு மறந்துபோன அந்தப் பட்டனைப் பற்றி முழுக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, கிதாரை விற்றுவிட்டதாகச் சொன்னார். இன்னும் கொஞ்சம் கழித்து, குழுவில் இரவல் கிதார் கிடைக்குமா என்று கேட்டார்.

கேபினட்டின் உள்பக்கம், லியோ ஒட்டின மாதிரி, ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அடுத்த வருடம் பொறுப்புக்கு வருகிறவர்கள் அதைக் கிழிக்காமல் இருந்தால் போதும். கேபினட்டுக்குப் போகும் ஒயருக்குக் கேபினட் போலி அணை, பவர் ஆம்ப் போலி போடு. அரங்கத்து ஒலிபெருக்கிக்குப் போகும் ஒயருக்கு இரண்டையுமே போடு. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் இணையாக, ஆக மொத்தம் 4 ஓம், அதற்குக் கீழே எதையும் கோர்க்காதே. ஸ்பீக்கர்கள் சேர்ந்து 120 வாட்தான் தாங்கும், ஆம்ப் 200 வாட், ஆகவே வால்யூம் திருகில் நெயில் பாலிஷால் வைத்த சிவப்புப் புள்ளியைத் தாண்டாதே.

விழா நிகழ்ச்சி நிரலில் ஏழாவது உருப்படியைப் பார்க்கவும். முன்னாள் மாணவர், மெக்கானிக்கல். கிதார்.